கப்பல் ஏறாத கப்பல் நிருபர்

"பதினேளு நீலச் சட்ட, ரெண்டு வெள்ள, ஒரு பொம்பளப் பாவாட" என்று சத்தமாக எண்ணி முடித்தார் பரசுராமன். காலை ஆறரை மணி. ராயபுரம் கடற்கரையில், துறைமுகச் சுவருக்கு வடக்கே கொட்டிக் கிடக்கும் கருங்கற்களில் உயரமான ஒன்றின்மேல் அவர் நின்றிருந்தார். சுவருக்கு அப்பால், முந்தின இரவு வந்து கட்டிய கப்பலின் பின்தட்டில் துணி காய்ந்துகொண்டிருந்தது. "கேப்டன் பொஞ்சாதியோட வந்துகீறான்" என்று காற்றுக்குச் சொல்லிவிட்டு, நோட்டுப் புத்தகத்தில், "கப்பல் தலைவர் தம் மனைவியாருடன் வருகை தந்துள்ளார்" என்று எழுதிக்கொண்டார்.

கொடியில் காயும் துணியைப் பார்த்தால் ஆள் கணக்குத் தெரிந்துவிடும் என்பது அவர் கட்சி. கப்பலின் மூக்கில் ஏணிப்படிபோல வெள்ளை எண்கள் எழுதியிருக்கும். அவற்றில் எது தண்ணீருக்கு மேலே நிற்கிறது என்று பார்த்தால் சரக்கின் பாரம் தெரியும். காக்கைகள் எந்தப் பக்கம் கூடுகின்றனவோ அந்தப் பக்கம் சமையலறை. காக்கையே வரவில்லை என்றால் கப்பல் கஞ்சனுடையது. ஒருமுறை மூன்று நாளாகக் காக்கை அண்டாத ஒரு கப்பலைப் பார்த்துவிட்டு, "மாலுமிகளிடையே உணவு குறித்து அதிருப்தி நிலவுகிறது" என்று செய்தி கொடுத்தார். பத்திரிகை கடைக்கு வந்து அரைமணி கழித்துத்தான் மாலுமிகள் தட்டைத் தூக்கிக்கொண்டு வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். பத்திரிகையைப் பார்த்துத்தான் அவர்களுக்கு யோசனை வந்தது என்று சொல்வோரும் உண்டு.

பரசுராமன் 'மாலைத் தூதன்' பத்திரிகையின் துறைமுக நிருபர். பத்து வருஷமாகச் சென்னைக்கு வந்த கப்பல்களையெல்லாம் பற்றி எழுதியிருக்கிறார். அவற்றில் ஒன்றின் மேலும் அவர் கால் பட்டதில்லை.

ஆள் நெட்டை. நல்ல கறுப்பு. கழுத்து சற்று நீண்டு, எப்போதும் எதையோ எட்டிப் பார்ப்பது போலவே இருக்கும். சுவருக்கு மேலே பார்த்துப் பார்த்து நீண்டது என்பார் அவர் மனைவி கெங்கம்மா. பித்தளைப் பொத்தான் வைத்த ஒரு கோட்டை மே மாதத்திலும் கழற்றமாட்டார். அதைப் போட்டுக்கொண்டு போனால், புதிதாக வந்த போலீஸ்காரர் யாராவது ஒருவர் மாதத்துக்கு ஒரு சலாமாவது வைத்துவிடுகிறாராம். சைக்கிளுக்கு மணி கிடையாது. தொண்டையைச் செருமிக்கொண்டே போவார். பேசின் பிரிட்ஜிலிருந்து ராயபுரம் வரையில் அந்தச் செருமலுக்கு மாடுகூட ஒதுங்கும்.

"தொறமொகத்துல எந்தக் கப்பலு எந்தக் கலருன்னு கேளு, தூக்கத்துல கூடச் சொல்லும்" என்பார் கெங்கம்மா. "எங்க வூட்டுக் கதவு இன்னா கலருன்னு கேளு பாப்போம். முளிக்கும்."

வடை வாங்கினால் முதலில் சுற்றிய காகிதத்தைப் படிப்பார். அதில் தம்முடைய செய்தி இருந்துவிட்டால் வடையை வேறு காகிதத்துக்கு மாற்றித் தரச் சொல்வார். மற்ற நிருபர்களின் செய்தியில் எண்ணெய் படிந்தால் அவருக்கு ஆட்சேபம் இல்லை.

காலை பதினொன்றரைக்குள் செய்தி போய்ச் சேர வேண்டும். அதற்கு அவர் நம்பியிருப்பது அமீருதீன் பாயின் மரவாடியிலுள்ள தொலைபேசி. மரம் அறுக்கும் இயந்திரத்தின் இரைச்சலில் அங்கே பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்காது. பரசுராமன் உள்ளே நுழைந்ததும் கையைத் தூக்குவார். "மிசின நிறுத்துங்கப்பா, பேப்பரு போவுது!" என்று அமீருதீன் பாய் குரல் கொடுப்பார். இரைச்சல் அடங்கும். அறுக்கிறவர்கள் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு சுற்றி உட்கார்ந்துவிடுவார்கள். அவர்களுக்கு அது இடைவேளை. சங்கீதக் கச்சேரி என்று சொன்னாலும் தகும். ஏனென்றால் தொலைபேசியை எடுத்ததும் பரசுராமனின் தமிழ் வேட்டி மாற்றிக்கொண்டுவிடும்.

"நள்ளிரவு கடந்து ஒரு மணியளவில், பர்மா நாட்டிலிருந்து தேக்கு மரங்களை ஏற்றிய கப்பலொன்று நமது துறைமுகத்தை வந்தடைந்தது, முற்றுப்புள்ளி."

"முற்றுப்புள்ளி" என்று பீடிக்காரர்களும் சேர்ந்து சொல்வார்கள்.

தொலைபேசியைக் கையால் பொத்திக்கொண்டு, "கம்னு குந்துங்கடா, பேஜாரு பண்ணாதீங்க" என்பார் பரசுராமன். கையை எடுத்ததும் மறுபடி, "மேற்படி கப்பலானது" என்று தொடங்குவார்.

இந்த உத்தியோகம் அவருக்குக் கிடைத்த விதம் வேடிக்கையானது. நாற்பத்திரண்டாம் வருஷம் சித்திரை மாதம் ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று பட்டணமே காலியாயிற்று. கடை பூட்டியது, கோர்ட்டு கச்சேரி பூட்டியது. ஊரில் மாமனார் வீடு உள்ளவர்கள் மாமனார் வீட்டுக்கும், இல்லாதவர்கள் சம்பந்தி வீட்டுக்கும் ஓடினார்கள். அவர்களோடு நிருபர்களும் ஓடினார்கள். புளியந்தோப்புச் சேரிக்காரர்களுக்கு ஓட வேறு ஊர் இல்லை. சேரிப் பிள்ளைகளுக்காக நடந்த தொழிலாளர் பள்ளியில் தமிழும் இங்கிலீஷும் படித்துவிட்டு, நிலக்கரிக் கிடங்கில் ஆள் பேர் எழுதிக்கொண்டிருந்த பரசுராமன், கிடங்கிலிருந்த தொலைபேசியில் ஒருநாள் 'மாலைத் தூதன்' ஆபீசைக் கூப்பிட்டு, "தங்கள் கவனத்துக்கு ஒரு செய்தி: துறைமுகம் இன்னும் இருக்கிறது" என்றார். அந்தப் பக்கத்தில் செய்தி ஆசிரியர் பக்தவச்சலம் தனியாக உட்கார்ந்திருந்தார். அவருக்கு அழுகையே வந்துவிட்டதாம். மறுநாளும் கூப்பிடச் சொன்னார். ஓட இடம் இல்லாததால் நிருபரானவர் உலகத்திலேயே தாம் ஒருவர்தான் என்று பரசுராமன் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்.

யுத்தம் முடிந்து எல்லாரும் திரும்பி வந்தார்கள். அவர்களோடு கார்டு என்ற ஒன்றும் வந்தது. போட்டோ ஒட்டி, முத்திரை குத்திய நீல அட்டை. அது இருந்தால்தான் நிருபர் என்று துறைமுக வாசலுக்குள் நுழையலாம், கப்பலில் ஏறலாம். அது மாதச் சம்பளக்காரருக்கு மட்டும் உண்டு. பரசுராமன் வரிக்கு இவ்வளவு என்று எழுதுகிறவர். எனவே 'மாலைத் தூத'னுக்குக் கிடைத்த ஒரு கார்டும் ரகுபதிக்குப் போயிற்று.

ரகுபதி இருபத்திரண்டு வயதுப் பையன், பி.ஏ., பத்திரிகை முதலாளியின் மைத்துனர் மகன். நல்ல பிள்ளை. கப்பலில் ஏறினால் அவனுக்குத் தலை சுற்றும். கயிறுபோட்டுக் கட்டி அசையாமல் நிற்கிற கப்பலிலும் சுற்றும். ஏறியதும் ஓர் எலுமிச்சை ஜூஸ் கேட்டு வாங்கிக் குடிப்பான். கண்ணை மூடிக்கொண்டு கால் மணி நேரம் உட்கார்ந்திருப்பான். இறங்கி வந்து வாசலில் நிற்கிற பரசுராமனிடம் உள்ளே என்ன நடந்தது என்று கேட்டுத் தெரிந்துகொள்வான். ஏறுவதற்குமுன் "என்ன, பரசுராமன்?" என்பவன், இறங்கியதும் "பரசுராமன் சார்" என்பான்.

ஆபீசுக்குப் பரசுராமன் அதிகமாகப் போவதில்லை. போனால் மாடிப்படியின் கீழேயே நிற்பது வழக்கம். மேலே ஒரு சமையல்காரர் எல்லாருக்கும் வெள்ளி டம்ளரில் காபி கொடுப்பார். பரசுராமனுக்கு மட்டும் படிக்கட்டுக்குக் கீழே ஒரு கண்ணாடிக் கிளாஸ் தனியாக வைத்திருந்தார்கள். "எனக்குக் காபி ஒத்துக்காதுங்க, டீதான்" என்று சொல்லிவிட்டு அவர் வந்துவிடுவார். துறைமுக வாசலுக்கு எதிரே ரஷீது கடையில் ஒரு நாளைக்கு எட்டு டீயாவது குடித்து, அந்தப் பொய்யை உண்மையாக்கிவிட்டார்.

சென்ற தை மாதம், பொதுத் தேர்தல் நடந்துகொண்டிருந்த சமயம், ஒருநாள் மாலை அமீருதீன் பாய் ஆள் அனுப்பினார். தொலைபேசியில் செய்தி ஆசிரியர்.

"பரசுராமன், ரகுபதி சினிமாப் பக்கத்துக்குப் போகிறான். கார்டு காலியாகிறது. உம்மைச் சம்பளத்தில் எடுத்துக்கொண்டு கார்டையும் உம்முடைய பெயருக்கு மாற்றலாமென்று முதலாளியிடம் சொல்லியிருக்கிறேன்."

"இன்னா சொன்னாரு?" என்றார் பரசுராமன். பத்து வருஷத்தில் முதல் தடவையாகத் தொலைபேசியில் அவருடைய நாக்கு புளியந்தோப்புக்கு ஓடிவிட்டது.

"'ஏறாமலேயே இவ்வளவு நன்றாக எழுதுகிற மனுஷனுக்கு, ஏறுவதற்குக் கார்டு எதற்கு?' என்கிறார்."

பரசுராமன் தொலைபேசியை மறு காதுக்கு மாற்றிக்கொண்டார்.

"கேளும். நாளைக்கு அமெரிக்கக் கோதுமைக் கப்பல் வருகிறது. அதில் ஹாஸ்கின்ஸ் என்று ஒரு பத்திரிகைக்காரர் வருகிறாராம், நம்முடைய தேர்தலைப் பார்த்து எழுத. எல்லாப் பத்திரிகையும் அவரைப் பிடிக்கப் பறக்கிறது. ரகுபதிக்கும் அதுதான் கடைசி வேலை. ஆனால் பேட்டி உம்மிடமிருந்து வந்தால், நான் இன்னொரு தடவை மாடியேறிப் பேசுகிறேன்."

மறுநாள் கப்பல் வந்து கட்டியதும், கார்டு வைத்திருந்த ஐந்து நிருபர்கள் இஸ்திரி கலையாத சட்டையில் வரிசையாக உள்ளே போனார்கள். பரசுராமன் ரஷீது கடை பெஞ்சியில் உட்கார்ந்து அவர்கள் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தார். முக்கால் மணியில் ஐந்து பேரும் திரும்பி வந்தார்கள்.

"ஹாஸ்கின்ஸ்னு யாரும் வரலை, பரசுராமன் சார்" என்றான் ரகுபதி. முகம் வெளுத்திருந்தது. "மேல்தட்டுல இருக்கார்னு கேப்டன் சொன்னார். போய்ப் பார்த்தோம். துரை ஒருத்தரையும் காணோம். கப்பல் வேலைக்காரன் ஒருத்தன் நின்னுட்டிருந்தான், அவ்வளவுதான். வழியில கொழும்புல இறங்கியிருப்பார். நான் ஆபீசுக்குச் சொல்லிட்டு வீட்டுக்குப் போறேன், தலை சுத்துது."

அவன் ரிக்‌ஷா ஏறிப் போனதும், ஒன்பது மணி டீக்கு இன்னாசி வந்தான். இன்னாசி துறைமுகத்தில் வின்ச்சு ஓட்டுகிறவன். கப்பலின் வயிற்றிலிருந்து மூட்டைகளைத் தூக்கிக் கரையில் இறக்குவது அவன் வேலை. பரசுராமனுக்குச் செய்தி இறக்குவதும் அவன்தான்.

"நைனா, இந்தக் கப்பல்ல ஒரு தினுசான ஆளு கீறான்பா" என்று இன்னாசி கிளாசை எடுத்துக்கொண்டான். "நம்ம கலருதான், நம்மளவுட ஒரு கை தூக்கலு. சட்டக் கைய மடிச்சி வுட்டுகினு நிக்கிறான். குசினிக்காரன்னு நெனச்சிகினேன். பாத்தா மூட்டைய எண்ணிகினு கீறான்! என்னாண்ட வந்து குந்திகினு, ஒரு தூக்குக்கு எத்தினி மூட்ட, அடிபட்டா யாரு பாத்துப்பாங்க, மத்தியானம் இன்னா துன்னுவேன்னு எல்லாம் கேக்கறான். பாதி சைகை. கேட்டுட்டு சின்ன புக்குல எளுதிக்கிறான்."

பரசுராமனின் டீ வாய்க்குப் போகிற வழியில் நின்றது.

"கேப்டனாண்ட எதுனா கேட்டாரா?"

"கேப்டன் பக்கமே போவல."

"அவுருதான்டா அமெரிக்கா பேப்பரு!"

"டபாய்க்காத நைனா. அவன் நம்மளாட்டம் கீறான்னு சொல்றேன்..."

"கேப்டன வுட்டுட்டு வின்ச்சுக்காரனாண்ட நியூஸ் கேக்கறவன் இந்த ஒலகத்துலயே ரெண்டு பேருதான்டா. ஒருத்தன் இங்க கீறேன்."

ஆனால் இருவருக்கும் நடுவே துறைமுக வாசல் இருந்தது. அந்த வாசல் வழியாகக் காலை முழுவதும் கைவண்டிகள் போய் வந்துகொண்டிருந்தன. காலி வண்டி உள்ளே போகும். கோதுமை மூட்டையோடு வெளியே வரும். வாசல் போலீஸார் மூட்டை குறைகிறதா என்று பார்ப்பார்களே தவிர, மூட்டைக் காதில் என்ன செருகியிருக்கிறது என்று பார்க்கமாட்டார்கள். பரசுராமன் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்தார். நிதானமான இங்கிலீஷில், "ஐயா, நானும் பத்திரிகைக்காரன். எனக்கு மேலே வர அனுமதி இல்லை. தாங்கள் கீழே வர இயலுமா?" என்று எழுதினார். காலி வண்டியோடு இன்னாசி உள்ளே போனான். கப்பலடியில் அந்தத் தாளை வின்ச்சுக் கொக்கியில் மாட்டி மேலே ஏற்றினான்.

இருபது நிமிஷத்தில் ஒரு கோதுமை மூட்டையின் காதில் பதில் வந்தது.

"ஐயா, எனக்குக் கீழே வர அனுமதி இல்லை. மூன்று மணிக்குத்தான் என் காகிதத்தில் முத்திரை விழுமாம். நம் இருவரையும் சேர்த்தாலும் ஒரு முழு அனுமதி தேறாது போலிருக்கிறது. கேளுங்கள். – எல்மர் ஹாஸ்கின்ஸ்."

பேட்டி தொடங்கிற்று. போகிற வண்டியில் கேள்வி, வருகிற வண்டியில் பதில். கைவண்டிக்காரர்களுக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. "ஒத்து, ஒத்து, கேள்வி போவுது!" என்று கூவிக்கொண்டு அவர்கள் ஓடிய ஓட்டத்தில் அன்று கோதுமை இரண்டு மணி நேரம் முன்னதாகவே இறங்கி முடிந்தது. மேஸ்திரிக்குக் காரணம் விளங்கவில்லை.

ஹாஸ்கின்ஸ் எழுதியது இது. சிகாகோ நகரத்தில் கறுப்பர்களே நடத்துகிற ஒரு வாரப் பத்திரிகை அவருடையது. பத்தொன்பது வருஷமாக அதில் இருக்கிறார். தென்மாநிலங்களில் அதைக் கடையில் வைத்து விற்கவிடமாட்டார்கள். ரயிலில் படுக்கை விரிக்கிற கறுப்புச் சிப்பந்திகள் தலையணை உறைக்குள் ஒளித்துக் கொண்டுபோய், ஊர் ஊராக இறக்குவார்களாம். "ஆகவே, மூட்டைத் தபால் எனக்குப் புதிதல்ல" என்று முடித்திருந்தார்.

பெரிய பத்திரிகைகளில் வேலை பார்த்ததில்லையா என்று பரசுராமன் கேட்டார்.

"ஆறு மாதம் பார்த்தேன். ஆறாவது மாடியில் ஆபீஸ். நான் சரக்கு லிப்டில்தான் போக வேண்டும். ஒருநாள் ஒரு பியானோவுடன் ஏறினேன். மேலே இருந்தவர்கள் பியானோவை வரவேற்றார்கள்; என்னிடம் ரசீது கேட்டார்கள்."

பரசுராமன் பெஞ்சியிலேயே உட்கார்ந்து குலுங்கிச் சிரித்தார். டீயாற்றிக்கொண்டிருந்த ரஷீது, "இன்னா நைனா, அமெரிக்காக்காரன் கெட்ட வார்த்த எதுனா எளுதிகீறானா?" என்று எட்டிப் பார்த்தார். பரசுராமன் தமிழில் சொன்னார். ரஷீது சிரிக்கவில்லை. "ரசீதா கேட்டானுங்க?" என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டு, ஆற்றிய டீயையே மறுபடி ஆற்றினார்.

அடுத்த மூட்டையில், நீதிமன்றங்களைப் பற்றி வந்தது. நிருபர்கள் மேசையில் ஹாஸ்கின்ஸுக்கு நாற்காலி இல்லை; கறுப்பர்களுக்கென்று ஒதுக்கிய மாடத்தில்தான் உட்கார வேண்டும். "மாடத்திலிருந்து பார்த்தால் நீதிபதி தூங்குவது தெளிவாகத் தெரியும். மேசையில் இருந்தவர்களுக்கு அந்தச் செய்தி கிடைக்கவில்லை." இதைப் படித்ததும் பரசுராமன் எழுந்து, கடற்கரைக் கருங்கல் இருக்கும் திசையை ஒருமுறை பார்த்துவிட்டு உட்கார்ந்தார்.

எங்கள் தேர்தலில் உங்களுக்கு என்ன அக்கறை என்பது அடுத்த கேள்வி. அதற்குப் பதில் சற்று நீளமாக வந்தது. ஹாஸ்கின்ஸின் தகப்பனார் அலபாமாவில் ஓட்டுக்குப் பெயர் பதியப் போனாராம். ஒரு சோப்புக் கட்டியில் எத்தனை நுரைக் குமிழி இருக்கிறது என்று குமாஸ்தா கேட்டாராம். தெரியவில்லை. எனவே ஓட்டு இல்லை. அடுத்த வருஷமும் போனார், அதே கேள்வி. செத்துப்போகும் வரையில் போனார். "இங்கே எழுத்தறியாத ஒரு தோட்டிக்கும் சோப்பைப் பற்றிக் கேட்காமல் ஓட்டுக் கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். அதைக் கண்ணால் பார்த்து எழுத வேண்டும்."

காகிதம் கொண்டுவந்த இன்னாசி, வியர்வையைத் துடைத்துக்கொண்டு முழுவதையும் கேட்டான். "நைனா, இன்னா சோப்புன்னு எளுதலியா அவுரு?"

"எதுக்குடா?"

"எந்த சோப்புன்னு தெரிஞ்சாத்தான அவுங்க நைனா கணக்கு சொல்ல முடியும்? குமாஸ்தாதான் சரியா கேக்கல."

பரசுராமன் அதையும் குறித்துக்கொண்டார். பேட்டியில் கடைசி வரியாக அது அச்சில் வந்தது.

பதினொன்றுக்குப் பத்து நிமிஷம் இருந்தது. இன்னும் ஒரு வண்டிக்குத்தான் நேரம். அமெரிக்க ஜனாதிபதியைப் பற்றிக் கேட்கலாம். கொரியா யுத்தத்தைப் பற்றிக் கேட்கலாம். பக்தவச்சலம் அதைத்தான் விரும்புவார். பரசுராமன் தாளை முழங்காலில் வைத்துக்கொண்டு இரண்டையும் எழுதி அடித்தார். பிறகு, ரஷீது பார்க்காதபடி கையால் மறைத்து எழுதினார்: "ஐயா, கப்பலுக்குள் என்ன வாசனை வீசும்?"

பதில்: "வெந்த முட்டைக்கோசு, புதுப் பெயின்ட், பழைய எண்ணெய், பதினேழு பேருடைய காலுறை. நீங்கள் எத்தனை வருஷமாகக் கப்பல் நிருபர்? – பி.கு.: காலையில் ஐந்து கனவான்கள் வந்தார்கள். ஒரு பையன் என்னிடம் எலுமிச்சை ஜூஸ் கேட்டான். பார்க்கப் பாவமாக இருந்தது. சமையலறைக்குப் போய் வாங்கிவந்து கொடுத்தேன். மரியாதையாக நன்றி சொன்னான்."

மரவாடியில் இயந்திரம் நின்றது. பீடிகள் பற்றின. பரசுராமன் முதல் வாக்கியத்தைச் சொல்லி "முற்றுப்புள்ளி" என்பதற்குள் பக்தவச்சலம் குறுக்கிட்டார்.

"நில்லும், நில்லும். அப்படி ஒருவர் வரவே இல்லை என்று ரகுபதி சொல்லிவிட்டான். அவன் கப்பலுக்குள் போய்ப் பார்த்திருக்கிறான். நீர் தெருவில் உட்கார்ந்துகொண்டு பேட்டி எடுத்தேன் என்கிறீர். எதை நான் நம்புவது?"

"தாங்கள் ரகுபதியிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள். கப்பலில் அவருக்கு எலுமிச்சை ஜூஸ் கொடுத்தது யார்?"

ரகுபதியின் வீட்டிலும் தொலைபேசி இருந்தது. மரவாடியில் ஆளுக்கு இன்னொரு பீடியைப் பற்றவைத்துக்கொண்டார்கள். பத்து நிமிஷத்தில் தொலைபேசி மணி அடித்தது. பக்தவச்சலத்தால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"அவர்தானா? ஐந்து பேர் தேடிப்போன ஆளிடம் ஜூஸ் வாங்கிக் குடித்துவிட்டு வந்தானா? சொல்லும், சொல்லும். முதல் பக்கம்!"

மாலையில் பத்திரிகை வந்தது. முதல் பக்கத்தில் இரண்டு பத்தி. "நமது துறைமுக நிருபர்" என்று போட்டிருந்தது; பெயர் போடும் வழக்கம் அங்கே இல்லை. ஆனால் அச்சு முடியும்முன்பே, இரண்டரை மணிக்கே, மரவாடிக்கு மறுபடி தொலைபேசி வந்திருந்தது. பக்தவச்சலத்தின் குரலில் இப்போது சிரிப்பு இல்லை.

"முதலாளி ரொம்பச் சந்தோஷப்பட்டார், பரசுராமன். உம்மை வாயாரப் புகழ்ந்தார்."

"கார்டுங்க?"

"'பார்த்தீரா, இதையும் அவன் ஏறாமலே சாதித்துவிட்டான். ஏற்றிவிட்டால் இன்னொரு ரகுபதியாகிவிடுவான்' என்கிறார். நான்... நான் இன்னொரு சமயம் பேசிப் பார்க்கிறேன்."

பரசுராமன் தொலைபேசியை வைத்தார். "ஓட்டுங்கப்பா மிசின" என்றார். அமீருதீன் பாய் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, இயந்திரத்தை இன்னும் கொஞ்ச நேரம் நிறுத்தியே வைத்திருந்தார்.

மூன்று மணிக்கு ரஷீது கடைக்கு இன்னாசி ஓடிவந்தான். கையில் மஞ்சள் சீட்டு. "நைனா, அமெரிக்காக்காரு கப்பல் ஏஜெண்டாண்ட சொல்லி, உன் பேருக்குச் சீட்டு வாங்கிகீறாரு! உள்ள வா. கப்பல் மேலயே ஏறலாம். டீ வெச்சிகினு ஒக்காந்துகீறாரு. வா, வா!"

பரசுராமன் சீட்டைத் திருப்பிப் பார்த்தார். 'வருகையின் காரணம்' என்ற இடத்தில் 'பயணியின் விருந்தாளி' என்று எழுதியிருந்தது. வாசலில் இருந்த குமாஸ்தாவிடம் அதை நீட்டி, "இத்த அடிச்சிட்டு 'பத்திரிகை'ன்னு போட முடியுமா சார்?" என்று கேட்டார்.

"அதுக்குக் கார்டு வேணும்பா. இதுக்குச் சீட்டே போதும். எதுவா இருந்தா என்ன, ஏறத்தானே போறே?"

அவர் உள்ளே போனார். கப்பல் பக்கத்தில் பார்க்கும்போது, கருங்கல்லிலிருந்து பார்த்ததைவிட அழுக்காகவும் உயரமாகவும் இருந்தது. ஏறுபலகையின் உச்சியில் கையை மடித்துவிட்ட ஒரு பெரிய மனிதர் நின்றுகொண்டு, சிரித்தபடி வரச் சொல்லிக் கையசைத்தார். பரசுராமன் கோட்டுப் பொத்தான்களைப் போட்டுக்கொண்டார். ஒரு காலைத் தூக்கிப் பலகையின்மேல் வைத்தார். பலகை சற்றே தாழ்ந்து கொடுத்தது. வின்ச்சுக்காரர்களும் கைவண்டிக்காரர்களும் வேலையை விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஏறு நைனா! இன்னா ரோசன பண்ணிகினு?" என்று இன்னாசி கத்தினான்.

பரசுராமன் காலை எடுத்துக் கீழே வைத்துக்கொண்டார். நிமிர்ந்து பார்த்து, இங்கிலீஷில், "மன்னிக்க வேண்டும், ஐயா. விருந்துக்கு என்றால் எங்கள் வீட்டுக்குத் தாங்கள் வர வேண்டும். கப்பலுக்கு நான் வேலையாகத்தான் வருவேன்" என்றார்.

மேலே நின்றவரின் கை அந்தரத்தில் நின்றது. அவர் பரசுராமனை, மூட்டை எண்ணுகிறவரைப்போல, மேலிருந்து கீழாக ஒருமுறை பார்த்தார். பிறகு தடதடவென்று பலகையில் இறங்கி வந்தார். கைகுலுக்கினார். கரையில் அடுக்கியிருந்த கோதுமை மூட்டைகளில் ஒன்றின்மேல் உட்கார்ந்துகொண்டு, எதிரேயிருந்த மூட்டையைத் தட்டிக் காட்டினார். பரசுராமன் உட்கார்ந்தார். இருவரும் ஒரே சமயத்தில் சட்டைப்பையில் கைவிட்டு நோட்டுப் புத்தகத்தை எடுத்தார்கள். விரித்து முழங்காலில் வைத்தார்கள். பென்சிலைத் தாளில் ஊன்றிக்கொண்டு, மற்றவர் முதலில் வாய் திறக்கட்டும் என்று காத்திருந்தார்கள்.